சுழலாத சில்லு

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே 'சில்லு' என்னும் சொல்லுக்குச் சக்கரம் என்பது பொருள். மாட்டுவண்டிக்கும் சில்லு, சைக்கிளுக்கும் சில்லு. இக்காலக் கலைச்சொல் வழக்கிலோ, அதே சொல் கணினியினுள் அமைந்த சிறு மின்னணுத் துண்டைக் குறிக்கின்றது. வீட்டுக் கணினியின் சேமிப்பகம் கடந்துவந்த பாதையை எண்ணும்போது, இவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று நோக்கி நகைப்பன போலத் தோன்றும். நேற்றுவரை நம் கோப்புகளைக் காத்துவந்தது சுழலுகின்ற தட்டு. மெய்யாகவே அது ஒரு சில்லு. இன்று அதன் இடத்தைப் பற்றிக்கொண்டிருப்பதோ சுழலாத சில்லு. திண்மநிலைச் சேமிப்பகம் என நூல்களும், எஸ்.எஸ்.டி. எனக் கடைக்காரரும் வழங்குவது இதனையே.

பழைய கணினி ஒன்று மெதுவாக இயங்குகின்றது. புதியதொன்று வாங்கப் பணம் போதாது. வன்தட்டை அகற்றி இச்சேமிப்பகத்தைப் பொருத்தினாற் போதும் என்று அறிந்தோர் கூறுகின்றனர். எதனை வாங்குவது? எவ்வளவு செலவிடுவது? சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் பருத்தித்துறையிலும் பல குடும்பங்களின் முன் நிற்கும் வினா இது. சிறிய வினாவே. எனினும், இக்குடாநாட்டிலே எழுத்தைச் சேமித்துவைத்தவர்கள் காலந்தோறும் எதிர்கொண்ட பெரிய வினாவின் தொடர்ச்சியே அதுவாகும். ஆதலின், அந்த வரலாற்றின் வழியே சென்று இதற்கு விடை காண முயல்வோம்.

பனைவளம் மிக்க நாட்டிலே ஓலைக்குப் பஞ்சம் ஏது? ஓலையை நறுக்கி, பதப்படுத்தி, உலர்த்தி, எழுத்தாணியாற் கீறி, கரியும் மஞ்சளும் பூசி எழுத்தைத் துலங்கச் செய்தனர் நம் முன்னோர். இலக்கணம், வைத்தியம், சோதிடம், காணி உறுதி ஆகிய யாவும் ஏட்டிலேயே இருந்தன. எழுதப்படும் பொருள் மலிவானது. ஆயின், எழுதும் உழைப்பு மலிவானதன்று. ஒரு நூலைப் படியெடுக்க ஒருவர் பல நாள் குனிந்திருத்தல் வேண்டும். செல்லும் இராமபாணப் பூச்சியும் மழைக்காலத்து ஈரமும் ஓலையை விட்டுவைப்பதில்லை. சில தலைமுறைகளுக்கு ஒருமுறை மீண்டும் படியெடுத்த நூலே பிழைத்தது. படியெடுப்பார் இல்லாத வீட்டிலே, பெட்டியுள் இருந்தபடியே நூல் மடிந்தது.

இங்கே ஓர் உண்மையை மனங்கொள்ள வேண்டும். ஓலை வலியற்றது என்பதனால் மட்டும் நூல்கள் அழியவில்லை. படியெடுத்தல் நின்றபோதே அவை அழிந்தன. ஒரு சேமிப்புப் பொருளின் உண்மையான விலை, அதனை வாங்கும் விலை மட்டுமன்று. அதிலுள்ளதை இன்னொன்றிலே பதிவதற்கு ஆகும் செலவும் அதனுள் அடங்கும்.

அச்சியந்திரம் வந்தபோது இக்கணக்குத் தலைகீழாயிற்று. அமெரிக்க மிசனரிமார் 1841ஆம் ஆண்டில் உதயதாரகை என்னும் பத்திரிகையை யாழ்ப்பாணத்திலே தொடங்கினர். ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பின்னர் அச்சுக்கூடமும் அமைத்தார். பள்ளிக்கூடத்தின் அருகிலேயே அச்சுக்கூடம் வேண்டும் என அவர் கண்டது தற்செயலன்று. அச்சிலே முதற்பிரதிக்குச் செலவு மிகுதி. எழுத்துக் கோக்க வேண்டும், பிழை திருத்த வேண்டும். ஆனால் ஐந்நூறாவது பிரதிக்கு ஆகும் செலவு தாளும் மையுமே. சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அருகிப்போன ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி 1887ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றினார். அழிவின் விளிம்பிலே நின்ற நூல், பல ஊர்களிலே பல அலுமாரிகளில் வாழத் தொடங்கியது. ஓலையினும் தாள் உறுதியானது என்பதனால் அன்று, பல பிரதிகள் பல இடங்களில் இருந்தமையாலேயே அது காக்கப்பட்டது.

இதன் மறுபுறத்தை நமக்குக் காட்டியது ஒரு துயர நிகழ்ச்சி. 1959ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகக் கட்டிடம், 1981ஆம் ஆண்டு மே மாத இறுதிநாள் இரவுக்கும் யூன் முதலாம் நாளுக்கும் இடையே தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின; அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. வேறிடங்களிற் பிரதி இருந்த அச்சு நூல்களை மீண்டும் தேடி வாங்க முடிந்தது. ஒரே பிரதியாய் இருந்தவை போயின, போயினவே. கட்டிடத்தின் உறுதியோ காவலாளரின் கருத்தோ குறைந்தமையாலன்று. ஒன்றே இருந்தமையால் அந்த இழப்புக்கு மாற்று இல்லாமற் போயிற்று.

பொது நூலகத்துக்கு நேர்ந்தது வீடுகளுக்கும் நேர்ந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே செம்மணி வழியாகவும் நாவற்குழி வழியாகவும் தென்மராட்சி நோக்கி நடந்தனர். கையில் எடுத்துச் செல்லத்தக்கவை சிலவே. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ் என்பன பைக்குள் ஏறின. திருமணப் படத் தொகுப்புகளும் கடிதக் கட்டுகளும் பல வீடுகளில் அலுமாரியிலேயே தங்கிவிட்டன. திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, சில இடங்களில் வீடும் இல்லை. ஒரு குடும்பத்தின் நினைவு எத்தனை சிறிய இடத்தில் அடங்கக்கூடும், எத்தனை எளிதில் தொலையக்கூடும் என்பதை இக்குடாநாட்டார்க்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனிக் கணினியின் கதைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் நூலகக் கட்டிடம் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1956ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஐ.பி.எம். கொம்பனியார் சுழலும் தட்டிலே தரவைப் பதியும் முதலாவது வணிகக் கணினியை வெளியிட்டனர். இருபத்து நான்கு அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள்; ஒரு தொன்னுக்கு மேற்பட்ட எடை. இத்தனை பெரிய பொறியிலே அடங்கியவை ஐம்பது இலட்சம் எழுத்துகள். இன்று கைத்தொலைபேசியால் எடுக்கும் ஓரிரு படங்கள் அவ்விடத்தை நிரப்பிவிடும். 1980ஆம் ஆண்டில் சீகேட் கொம்பனியார் ஐந்தேகால் அங்குல அளவுள்ள வன்தட்டை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதன் கொள்ளளவும் ஐந்து மெகாபைற்றே. அதுவே வன்தட்டு சிறிய கணினிகளினுள் புகுவதற்கு வழி திறந்தது.

இக்கருவிகள் உலகெங்கும் வீடுகளுக்குள் பரவிய காலம், யாழ்ப்பாணத்திலே இருளின் காலம். 1990ஆம் ஆண்டின் பின் குடாநாடு தேசிய மின்தொகுப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. பொருளாதாரத் தடையினாற் பற்றரியும் அரும்பொருளாயிற்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தால் வானொலி கேட்டனர் மக்கள். 2002ஆம் ஆண்டில் ஏ-9 வீதி திறந்ததும் பொருள்கள் வரத் தொடங்கின. 2006ஆம் ஆண்டில் அது மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னரே பெரும்பாலான வீடுகளுக்குக் கணினி எட்டும் பொருளாயிற்று. அவ்வாறு வந்த கணினிகளிற் பலவற்றின் உள்ளே இருந்தது சுழலும் வன்தட்டே.

வன்தட்டு வேலை செய்யும் முறை எளிதில் விளங்கத்தக்கது. காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றது. நுண்ணிய கை ஒன்று அதன்மேல் இங்குமங்கும் நகர்ந்து வேண்டிய இடத்தைத் தேடுகின்றது. ஒவ்வொரு தேடலுக்கும் ஏறத்தாழ நூற்றிலொரு விநாடி செல்லும். ஒரு தேடலுக்கு அது சிறிய நேரமே. ஆனால் கணினியை இயக்கித் திரை தெளியுமுன் ஆயிரமாயிரம் சிறு கோப்புகளைத் தேட வேண்டும். பழைய கணினி சோர்ந்து நிற்பதற்குப் பெருங்காரணம் இத்தேடலேயன்றி அதன் மூளையின் தளர்ச்சியன்று.

சுழலாத சேமிப்பகத்தின் வேர் 1967ஆம் ஆண்டிலே உள்ளது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டாவொன் காங், சைமன் சே என்னும் இருவர், மின் கடத்தாப் படலத்தால் நாற்புறமும் சூழப்பட்ட சிற்றறை ஒன்றினுள் இலத்திரன்களைச் சிறைவைக்கலாம் எனக் காட்டினர். மின்சாரம் நின்ற பின்னும் சிறைப்பட்டவை வெளியேறா. ஆகவே எழுதியது அழியாது நிற்கும். 1984ஆம் ஆண்டில் யப்பானின் தோசிபா கொம்பனியைச் சேர்ந்த புஜியோ மசுவோகா, இத்தகைய அறைகள் பலவற்றை ஒரே வேளையில் அழித்தெழுதும் முறையை உலகுக்கு அறிவித்தார். நிழற்படக் கருவியின் ஒளிவெட்டைப்போல ஒரு நொடியில் அழிப்பதாற் 'பிளாஷ்' எனப் பெயர் பெற்றது. 1991ஆம் ஆண்டில் இவ்வகைச் சேமிப்பகம் ஒன்று 20 மெகாபைற்றுக் கொள்ளளவுடன் ஐ.பி.எம். கொம்பனிக்கு விற்கப்பட்டது, அதன் விலை ஆயிரம் டொலர் அளவில் இருந்தது. ஐந்தாறு படங்களுக்கு ஆயிரம் டொலர்! 2006ஆம் ஆண்டில் சம்சுங் கொம்பனியார் 32 கிகாபைற்றுச் சேமிப்பகத்தை மடிக்கணினிகளிலே வைத்தனர். அதன் பின்னர் ஆண்டுதோறும் விலை ஏறியும் இறங்கியும் வந்தபோதிலும், மொத்தத்திலே மிகப் பெரிதும் இறங்கியது.

விலை இறங்கிய வழியையும் அறிந்துகொள்ள வேண்டும். கடையிலே தேர்ந்தெடுப்பதற்கு அவ்வறிவே துணை. ஓர் அறையில் முதலில் ஒரு துணுக்குத் தரவு மட்டும் வைத்தனர். பின்னர் இரண்டு, மூன்று, நான்கு என ஏற்றினர். அரிசி அளக்கும் கொத்து ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நிறைந்ததா, வெறியதா என்று மட்டும் பார்ப்பது முதல்வகை. மூன்று துணுக்கு வைத்தால் அதே கொத்திலே எட்டு மட்டங்களைப் பிரித்தறிய வேண்டும். நான்கு வைத்தாற் பதினாறு மட்டங்கள். அளவுக்கோடுகள் நெருங்க நெருங்க அளப்பதற்கு நேரம் மிகும். கொத்தின் விளிம்பு சற்றுத் தேய்ந்தாலும் பிழை நேரும். மூன்று துணுக்குள்ளதை ரி.எல்.சி. என்றும், நான்கு துணுக்குள்ளதைக் கியூ.எல்.சி. என்றும் வழங்குவர். பின்னது விலை குறைந்தது. ஆயின் பெருந்தொகையாக எழுதும்போது வேகம் தளரும், ஆயுளும் ஒப்பளவிற் குறைவு. விலை வேறுபாடு சிறிதாயின் முன்னதையே கொள்வது நன்று.

தேய்மானம் என்றவுடன் அஞ்ச வேண்டியதில்லை. ஒவ்வொரு சேமிப்பகத்துக்கும் எத்தனை தெராபைற்று எழுதலாம் என்ற எல்லையை உற்பத்தியாளர் அறிவிக்கின்றனர். நாளொன்றுக்கு 20 கிகாபைற்று எழுதும் வீட்டிலே ஆண்டுக்கு ஏழு தெராபைற்றுச் சொச்சமே எழுதப்படும். 150 தெராபைற்று எல்லையுடைய சேமிப்பகம் இக்கணக்கின்படி இருபது ஆண்டு தாங்கும். கணினியின் மற்ற உறுப்புகள் அதற்கு முன்னரே ஓய்ந்துவிடும். ஆதலின், சாதாரணக் குடும்பத்தவர் மிக விலையுயர்ந்த வகையைத் தேட வேண்டியதில்லை. எழுதும் எல்லையும் உத்தரவாதக் காலமும் வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட ஒன்றா என்பதே பார்க்க வேண்டியது. மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டு உத்தரவாதமும், அதனை உள்ளூரிலேயே நிறைவேற்றும் விற்பனையாளரும், முறையான பற்றுச்சீட்டும் வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். சற்றா எனப்படும் இணைப்பு 2003ஆம் ஆண்டிலே வந்தது. அதன் பிற்கால வடிவிலே விநாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைற்று வரை செல்லலாம். 2011ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட என்.வி.எம்.ஈ. என்னும் முறையில் இயங்குபவை அதனைப் பன்மடங்கு விஞ்சுவன. ஆயினும் பழைய கணினியிலே அதற்கான பொருத்துவாய் இருப்பதில்லை. சிலவற்றில் வாய் ஒத்திருந்தாலும் சற்றா வகையை மட்டுமே அது ஏற்கும். ஒழுங்கை வழியே பெரிய லொறி கொண்டுவர முயல்வது போன்றது, கணினியின் இணைப்பை அறியாது விரைவு மிக்கதை வாங்குவது. கணினியின் மாதிரி எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். இரண்டரை அங்குலச் சற்றா வகையே பெரும்பாலான பழைய கணினிகளுக்கு ஏற்றது. சுழலும் தட்டிலிருந்து அதற்கு மாறுவதே பெரும் மாற்றம். அதற்கு மேற்பட்ட வேகத்தை அன்றாட எழுத்துவேலையிலும் பிள்ளைகளின் படிப்பிலும் எளிதில் உணர இயலாது.

கணினி மிகப் பழையதாயின் வேறொன்றையும் சீர்தூக்க வேண்டும். விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கான இலவசப் பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. அடுத்த பதிப்பை ஏற்காத கணினிகள் பல. அத்தகையவற்றிலே விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினால், புதிய சேமிப்பகத்தோடு அவை இன்னும் பல்லாண்டு உழைக்கக்கூடும்.

கொள்ளளவிலே 240 முதல் 256 கிகாபைற்று வரை உள்ளது இயங்குதளத்துக்கும் படிப்புக்கும் போதும். படங்களும் காணொளிகளும் மிகுந்த வீட்டுக்கு 480 முதல் 512 வரை உள்ளது பொருத்தமானது. பெயரறியாத கடையிலே நம்பமுடியாத விலைக்குப் பல தெராபைற்று என விற்கப்படுவனவற்றை விலக்குக. உள்ளே சிறிய சில்லை வைத்து வெளியே பெரிய எண்ணை அச்சிட்ட போலிகளும் உலவுகின்றன. அவை நிரம்பும்வரை நல்லவை போல நடந்து, நிரம்பியதும் பழைய கோப்புகளின்மேலேயே எழுதி அழித்துவிடும். ஆகவே வாங்கிய உடனே முழுக் கொள்ளளவுக்கும் எழுதி, மீண்டும் வாசித்துப் பார்த்தல் நலம்.

இவ்வளவும் கூறியபின் முதன்மையான கருத்துக்கு வருவோம். சுழலாத சில்லு விரைவானது, அதிர்ச்சியைத் தாங்குவது, ஓசையற்றது. ஆனால் அதற்குரிய குறைகளும் உண்டு. வன்தட்டு பழுதடையுமுன் பெரும்பாலும் முனகும், தடுமாறும்; நம்மை எச்சரிக்கும். இதுவோ நேற்று நன்றாக இருந்து இன்று ஒரேயடியாக ஊமையாகிவிடக்கூடும். அதிலிருந்து அழித்த கோப்பை மீட்பது வன்தட்டிலும் அரிது. மேலும், தேய்ந்த சேமிப்பகத்தை மின்சாரமின்றி வெப்பமான அலுமாரியிலே ஆண்டுக்கணக்கில் வைத்தால், சிறைப்பட்ட இலத்திரன்கள் மெல்லக் கசிந்து எழுத்து மங்கும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்தடை அறிவிக்கப்பட்டதும், 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களுள் 350 ரூபாவைக் கடந்ததும் நினைவிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நிற்பது எந்தச் சேமிப்பகத்துக்கும் நல்லதன்று. பழுதானதற்குப் பதிலாக வேறொன்று நாளை இதே விலைக்குக் கிடைக்கும் என்பதும் உறுதியன்று.

ஆகவே, சிக்கனமாக வாங்குதல் என்பது மிகக் குறைந்த விலையுள்ளதை வாங்குதல் அன்று. எல்லாப் பணத்தையும் மிகச் சிறந்த ஒன்றிலே கொட்டுதலும் அன்று. கையிலுள்ள தொகையை இரண்டாகப் பிரித்தலே சிக்கனம். ஒரு பகுதியைக் கொண்டு, நம்பத்தக்க நடுத்தரச் சேமிப்பகம் ஒன்றைக் கணினிக்குள் பொருத்துங்கள். மறுபகுதியை இரண்டாவது பிரதிக்கு ஒதுக்குங்கள். அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. கணினியிலிருந்து அகற்றிய பழைய வன்தட்டு நல்ல நிலையில் இருப்பின், அதனை வீசிவிடாது, சிறிய புறச்சட்டகம் ஒன்றினுள் பொருத்தினால் அதுவே பிரதிக்கு இடமாகும். திங்களுக்கொருமுறை அதிலே படியெடுத்து, மூன்றாவது பிரதி ஒன்றைத் தமக்கையின் வீட்டிலோ, கொழும்பிலோ கனடாவிலோ வாழும் பிள்ளையிடமோ வைத்திருங்கள். ஒரே கூரையின் கீழிருக்கும் இரண்டு பிரதிகள், தீயும் வெள்ளமும் இடப்பெயர்வும் வரும்போது ஒன்றாகவே எண்ணப்படும்.

இந்த அறிவைப் பொதுப்பணியாக ஆக்கியோரும் நம்மிடையே உள்ளனர். 2005ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து, உலகின் எப்பகுதியிலிருந்தும் வாசிக்கத்தக்கதாக வைத்துவருகின்றது. 1981ஆம் ஆண்டின் தீ கற்பித்த பாடத்துக்கு இதனினும் பொருத்தமான மறுமொழி வேறு யாது? ஒரு நூல் ஒரே கட்டிடத்துள் மட்டும் இருத்தலாகாது என்பதே அம்மறுமொழி. தாமோதரம்பிள்ளை அச்சினாற் செய்ததை, இவர்கள் எண்ணிம முறையாற் செய்கின்றனர்.

ஓலையிலே பொருள் மலிவு, பிரதி அரிது. அச்சிலே முதற்பிரதி அரிது, பின்வருவன மலிவு. சுழலாத சில்லின் காலத்திலோ, பொருளும் பெரும்பாலார்க்கு எட்டும் நிலையில் உள்ளது; பிரதியெடுக்கும் உழைப்பும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றது. நம் முன்னோர் எழுத்தாணி பிடித்துக் குனிந்திருந்த நாள்களை எண்ணினால், இது எத்துணைப் பெரிய வாய்ப்பு என்பது விளங்கும். கடையிலே விலைச்சிட்டையைப் பார்க்கும் நேயர்கள், இஃது என்ன வேகம், என்ன விலை என்று மட்டும் கேளாது, இதிலுள்ளவற்றின் மறுபிரதி எங்கே இருக்கப்போகின்றது என்றும் கேட்பார்களாக. அதற்கு விடை கிடைத்த பின்னர் வாங்கும் சேமிப்பகம், எவ்வளவு சிறியதாயினும், குடும்பத்துக்குப் போதியதாகும்.